டைமிங் பெல்ட், டைமிங் செயின்: சின்ன காரில் எதை எப்போது பார்ப்பது, எப்படி மாற்றுவது

ஆல்ட்டோ 800-இல் இருப்பது டைமிங் பெல்ட். ஆல்ட்டோ கே10-இல் இருப்பது டைமிங் செயின். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமையும் ஒரே கணக்கில் ஓடவைப்பது இவைதான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போலத் தெரியும் இந்த இரண்டு வண்டிக்கும் பராமரிப்புக் கணக்கு வேறு. முதல் இன்ஜின் தேதி கேட்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், அதற்குள் பெல்ட்டை மாற்று. இரண்டாவது தேதி கேட்பதில்லை; நல்ல ஆயிலை நேரத்துக்கு ஊற்றச் சொல்லும். பெல்ட் வண்டிக்காரர் தேதியை மறந்துவிடுகிறார். செயின் வண்டிக்காரர் "செயின்தானே, ஆயுசுக்கும் தாங்கும்" என்று ஆயில் சர்வீஸைத் தள்ளிப்போடுகிறார். இரண்டு பேருமே கடைசியில் வந்து நிற்பது ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகம்) இறக்கும் வேலையில்தான்.

உங்கள் வண்டியில் எது?

மாடல் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, இன்ஜினை வைத்துத்தான் சொல்ல முடியும். ஐ10-இல் 1.1 பெட்ரோல் பெல்ட், 1.2 கப்பா பெட்ரோல் செயின். போலோவில் 1.2 பெட்ரோல் எம்.பி.ஐ. செயின், 1.2 டீசல் பெல்ட், பிறகு வந்த 1.0 டி.எஸ்.ஐ. மறுபடி பெல்ட். மாருதி 800, பழைய 1.1 வேகன்ஆர், சான்ட்ரோ ஜிங், இண்டிகா டீசல், ஃபிகோ 1.4 டீசல், டஸ்டர் 1.5 டீசல் எல்லாம் பெல்ட். ஸ்விஃப்ட், பலேனோவின் 1.2 கே-சீரிஸ் பெட்ரோல், ஸ்விஃப்ட் 1.3 டி.டி.ஐ.எஸ். டீசல், ஐ20 1.2 பெட்ரோல், பிரியோ, ஜாஸ் 1.2 பெட்ரோல், எட்டியோஸ் எல்லாம் செயின். இந்த 1.3 டீசல் ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின். இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில் வந்ததும் இதுவே.

பட்டியலில் உங்கள் வண்டி இல்லையென்றால் பானெட்டைத் திறந்து, ஃபேன் பெல்ட் ஓடும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் கவர், சுற்றிலும் 10 எம்.எம். தலை போல்ட்டுகள், விரலால் தட்டினால் டப்பா மாதிரிச் சத்தம் என்றால் பெல்ட். பெல்ட் இருக்கும் இடம் ஆயில் படாத காய்ந்த அறை. அதனால் அதற்கு இறுக்கமான மூடி தேவையில்லை. அதே இடத்தில் அலுமினிய வார்ப்புக் கவர், விளிம்பு முழுக்க சீலன்ட் பிதுங்கிய கோடு என்றால் உள்ளே செயின். செயின் ஆயிலில் நனைந்தே ஓடும், கவர் கசியக் கூடாது. இந்த அடையாளம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: ஆயிலில் நனையும் பெல்ட். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

இது செய்யும் வேலை

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். மீட்டரில் 3,000 ஆர்.பி.எம். காட்டும்போது கேம் 1,500 சுற்றுகிறது; அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கி இருக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது பெல்ட்டின் பல்லோ செயினின் கண்ணியோதான்.

ஒரு பல் தவறினால் எவ்வளவு வித்தியாசம் வரும்? கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 9 டிகிரி. கிராங்க்கில் அது 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலில் ஆடும், இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும். இரண்டு மூன்று பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வைப் பிஸ்டன் தொட்டுவிடும். பெல்ட் அறுந்தால் கேம் நின்ற இடத்தில் நின்றுவிடும். கிராங்க் மட்டும் வண்டியின் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். திறந்த நிலையில் நின்ற வால்வுகளைப் பிஸ்டன் வரிசையாக இடித்து வளைக்கும். வால்வும் பிஸ்டனும் எந்த நிலையிலும் தொடாதபடி இடைவெளி விட்டுச் செய்த பெட்ரோல் இன்ஜின்கள் சில உண்டு. அவற்றில் புதுப் பெல்ட் போட்டால் வேலை முடிந்தது. டீசல் என்றால் இடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்ப்ரஷனுக்குப் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் அத்தனை குறைவு.

பெல்ட்: எப்போது மாற்றுவது?

சர்வீஸ் புக்கில் உங்கள் இன்ஜினுக்கு எழுதியிருக்கும் எண்தான் கடைசி எல்லை. கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. வருடத்தில் 5,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "இன்னும் 40,000 கூட ஆகலையே" என்பார்கள். பெல்ட்டுக்கு எட்டு வயது ஆகியிருக்கும். ரப்பர் நின்றாலும் முதிரும். இன்ஜின் சூட்டிலும் சென்னை, மதுரை வெயிலிலும் இன்னும் சீக்கிரம் முதிரும். புக் தொலைந்து, பழைய பில்லும் இல்லையென்றால் ஐந்து வருடம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

அந்தப் பெல்ட் படும் பாட்டுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2,500 ஆர்.பி.எம். என்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கிராங்க் 2,500 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டரில் 25 கோடி சுற்று. கிராங்க்கில் 20 பல், பெல்ட்டில் 100 பல் என்றால் பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் 5 கோடி தடவை கிராங்க்கில் மாட்டி வெளியே வந்திருக்கும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை நூல். அதன்மேல் ரப்பர், பல்லின் மேல் துணி. அறுவதென்றால் பெரும்பாலும் முதலில் பல்லின் வேர் விடும், அல்லது வளைந்து வளைந்து நூல் ஒவ்வொன்றாக உடையும். இது வெளியே தெரியாது. அதனால்தான் மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பெல்ட் நல்லா இருக்கு சார், இன்னும் 20,000 ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்பக் கூடாது. வெடிப்பு, பளபளப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பல் குறைவு இதில் ஏதாவது தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது உறுதி. எதுவும் தெரியாததால் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

தேதிக்கு முன்பே பெல்ட்டைக் கொல்லும் விஷயங்கள் மூன்று. முதலாவது ஆயில்: கேம் ஆயில் சீலோ கிராங்க் முன்பக்க ஆயில் சீலோ கசிந்து பெல்ட் நனைந்தால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகும், பல் உரியும். துடைத்துவிட்டு ஓட்டலாம் என்பது வேலைக்கு ஆகாது; சீலை மாற்றிப் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். இரண்டாவது பேரிங்: டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை), சில இன்ஜின்களில் வாட்டர் பாடி (கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்), இவற்றில் ஒன்று இறுகினால் பெல்ட் அதன்மேல் தேய்ந்து சில நிமிடங்களில் போய்விடும். மூன்றாவது சேற்றுத் தண்ணீர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி வண்டி மூழ்கி எழுந்தால் இன்ஜின் ஆயிலை மாற்றுவதோடு நிறுத்தாமல் டைமிங் கவரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த வண்டல் புல்லிப் பல்லில் ஒட்டி உப்புக் காகிதம் போலப் பெல்ட்டைத் தின்னும்.

பெல்ட் மாற்றும் வேலை, முதலிலிருந்து

வாங்க வேண்டியவை: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் இருந்தால் ஐட்லர், கேம் ஆயில் சீல், கிராங்க் முன் ஆயில் சீல், வெளி ஃபேன் பெல்ட், கூலன்ட். பெல்ட்டை மட்டும் வாங்கிப் பழைய டென்ஷனரோடு போடுவது பொய்ச் சிக்கனம். அந்தப் பேரிங்கும் அதே 25 கோடிச் சுற்றைப் பார்த்ததுதான். டஸ்டர் 1.5, ஃபிகோ 1.4 போன்ற டீசல்களில் வாட்டர் பாடியைச் சுற்றுவதே டைமிங் பெல்ட். அவற்றில் வாட்டர் பாடி கட்டாயம். சுசூகியின் பழைய பெல்ட் இன்ஜின்களில் வாட்டர் பாடியை வெளிப் பெல்ட் சுற்றுகிறது. ஆனாலும் அதைக் கழற்ற டைமிங் பெல்ட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அங்கேயும் சேர்த்து மாற்றுவது லாபம். உறையில் பார்ட் நம்பரையும் பெல்ட்டில் அச்சிட்ட பல் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

கீழே சொல்வது ஒற்றைக் கேம் பெட்ரோல் இன்ஜினுக்கான பொது முறை. டார்க் (போல்ட்டை எவ்வளவு இறுக்குவது) அளவுகளை உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருந்தே எடுக்க வேண்டும்.

1. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திய வண்டி நல்லது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வலது முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள்.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் தடுக்காமல் கிராங்க்கைக் கையால் சுற்ற முடியும். எங்காவது இடித்தால் உடனே கைக்குத் தெரியும். இதற்காகவே இந்த ஐந்து நிமிடம்.

3. வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். டைமிங் கவர் பக்கத்து இன்ஜின் மவுன்ட் வழியில் இருந்தால், சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எடையைத் தாங்கிக்கொண்டு மவுன்ட்டைக் கழற்றுங்கள். கட்டை இல்லாமல் ஜாக்கி வைத்தால் சம்ப் நசுங்கும். நசுங்கிய சம்ப் ஆயில் உறிஞ்சும் ஜல்லடையை முட்டிவிட்டால் அது அடுத்த வேலை.

4. கிராங்க் புல்லி போல்ட்டை, பெல்ட் இன்னும் மாட்டியிருக்கும்போதே தளர்த்துங்கள். வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீண்ட பைப் கொடுத்துத் தளர்த்தலாம். ஸ்பேனரை எங்காவது முட்டுக் கொடுத்துவிட்டு செல்ஃப் அடித்துத் தளர்த்தும் குறுக்கு வழி வேண்டாம். ஸ்பேனர் பறந்தால் முகம் போகும்.

5. கவர்களைக் கழற்றி, கிராங்க்கை அது வழக்கமாகச் சுற்றும் திசையில், கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் வைத்து, மெதுவாகச் சுற்றுங்கள். ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் அது கடிகாரத் திசை. 1998-இல் வந்த முதல் ஹோண்டா சிட்டி எதிர்த்திசை. கிராங்க் குறி அதன் அம்புக்கு நேராக வர வேண்டும், கேம் புல்லிக் குறி ஹெட்டில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். கிராங்க் குறி சரி, கேம் குறி எதிர்ப்பக்கம் என்றால் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று. கேம் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைச் சுற்றவே கூடாது.

6. பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் இரண்டு புல்லியிலும் பெல்ட்டிலும் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிகளுக்கு நடுவே பெல்ட்டில் எத்தனை பல் என்று எண்ணி எழுதிவையுங்கள். புதுப் பெல்ட்டில் அதே எண்ணிக்கை வர வேண்டும்.

7. டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். இனி புதுப் பெல்ட் ஏறும்வரை கிராங்க்கையோ கேமையோ தனியாக அசைக்கக் கூடாது. டென்ஷனரைக் கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். புதிய பேரிங் கிரீஸ் கனத்தோடு மெதுவாகச் சுற்றி நிற்கும். செத்த பேரிங் பம்பரம் மாதிரி லேசாக, கரகரவென்று நீண்ட நேரம் சுற்றும்.

8. ஆயில் சீல்களைக் கிளப்பிப் புதியதை, உதட்டில் ஒரு துளி ஆயில் தடவி, நேராக உட்கார வையுங்கள். கிளப்பும் ஸ்க்ரூடிரைவர் ஷாஃப்ட்டில் கீறல் போட்டால் புதுச் சீலும் கசியும். புல்லிகளை பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

9. புதுப் பெல்ட்டை மடிக்காதீர்கள், முறுக்காதீர்கள், உள்வெளியாகத் திருப்பாதீர்கள். உள்ளே உடையும் கண்ணாடி நூல் கண்ணுக்குத் தெரியாது. அம்பு அச்சிட்டிருந்தால் அது சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். முதலில் கிராங்க், பிறகு டென்ஷனர் இல்லாத பக்கமாக மேலே ஏற்றிக் கேம், கடைசியில் டென்ஷனர். அந்த டென்ஷனர் இல்லாத பக்கம்தான் இழுபடும் பக்கம். அதில் கொஞ்சம் கூடத் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வை விட்டுவிட்டு டென்ஷனரை விட்டால் கேம் நகர்ந்து ஒரு பல் தள்ளிப்போகும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

10. டென்ஷனரை விடுங்கள். ஸ்ப்ரிங் வகை என்றால் ஸ்ப்ரிங்கே இழுத்துக்கொள்ளும், போல்ட்டை லேசாக மட்டும் பிடியுங்கள். அம்புக்குறி உள்ள தானியங்கி வகை என்றால் அம்பு அதன் பள்ளத்துக்கு நேராக வரும்வரை திருப்புங்கள். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். பிறகு டென்ஷனர் போல்ட்டை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். மறுபடி இரண்டு சுற்று, மறுபடி குறி. சுற்றும்போது எங்காவது கடினமாக முட்டினால் அழுத்தாதீர்கள். வால்வைப் பிஸ்டன் தொடுகிறது. ஒன்பதாவது படிக்குத் திரும்புங்கள். நீளமான பகுதியை இரண்டு விரலால் பிடித்து 90 டிகிரி திருப்பிப் பார்ப்பது பழைய கைக்கணக்கு. மேனுவலில் வேறு எதுவும் சொல்லாத இன்ஜினுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

11. கவர், கிராங்க் புல்லி, மவுன்ட், வெளிப் பெல்ட், பிளக், கூலன்ட். கவரின் 10 எம்.எம். தலை போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அதற்கு மேல் போனால் அலுமினியத்தில் மரை போகும். கிராங்க் போல்ட்டுக்கு மேனுவல் சொல்லும் முழு டார்க். அது தளர்ந்தால் புல்லியைக் கிராங்க்கில் நிறுத்தும் சின்ன இரும்புச் சாவி தேய்ந்து டைமிங்கே நகரும்.

ஸ்டார்ட் செய்ததும் கவர் பக்கம் விசில் போல ஊளைச் சத்தம் என்றால் பெல்ட் அதிக இறுக்கம். கவரில் படபடவென்று தட்டினால் தொய்வு. இரண்டுக்கும் உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

டீசலில் இதோடு இன்னும் கொஞ்சம் உண்டு. டஸ்டரின் 1.5 டீசலில் கிராங்க்கையும் கேமையும் அதற்கென்று உள்ள பின்களால் பூட்டித்தான் பெல்ட் மாற்ற வேண்டும். டீசல் பம்ப் புல்லியும் பெல்ட்டில்தான் ஓடுகிறது. பூட்டும் பின் இடத்தைக் காட்டத்தான். அதன் பலத்தில் போல்ட்டைத் தளர்த்தினால் பின் உடையும் அல்லது பிளாக்கில் மரை போகும். பின் செட் இல்லாமல் பெயின்ட் கோட்டை மட்டும் நம்பிச் செய்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஓடும்போதே அறுந்தால்

இன்ஜின் திடீரென்று நிற்கும். செல்ஃப் அடித்தால் வழக்கமான திணறல் இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றும், காரணம் கம்ப்ரஷன் இல்லை. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டதும் சாவியை எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது, தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது இரண்டும் தப்பிய வால்வுகளையும் வளைக்கும். டோ செய்து கொண்டுபோய் மேல் கவரைக் கழற்றிப் பாருங்கள். உடனே ஹெட்டை இறக்கவும் வேண்டாம். குறி வைத்து ஒரு பெல்ட்டைப் போட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று ஏற்றிக் கசிவு பார்க்கலாம். காற்று இன்லெட் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ சீறி வந்தால் அந்த வால்வு வளைந்துவிட்டது. அப்போது ஹெட் இறக்கத்தான் வேண்டும். எங்கும் சீறவில்லையென்றால் ஒரு பெரிய செலவு தப்பியது.

செயின்: நீள்வது எப்படி?

"செயின் நீண்டுவிட்டது" என்கிறோம். இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்னும் அதன் துளையும் தேய்கின்றன. 120 கண்ணி, கண்ணிக்கு 8 மி.மீ. உள்ள ஒரு செயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின்னிலும் வெறும் 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 2.4 மி.மீ. நீளம் கூடுகிறது. டென்ஷனர் பிளஞ்சர் (ஆயில் அழுத்தத்தில் வெளியே நீளும் தண்டு) நீண்டு அந்தத் தொய்வை எடுத்துக்கொள்ளும், அதன் எல்லை வரும் வரை. ஆனால் கேம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவதைப் பிளஞ்சரால் தடுக்க முடியாது.

தேய்மானத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆயில். கறுத்துக் கரி ஏறிய ஆயில் பின்னுக்குள் அரைக்கும் பசையாக வேலை செய்யும். டீசலில் கரி இன்னும் அதிகம். ஆயில் குறைந்தால் டென்ஷனருக்கு அழுத்தம் போதாமல் செயின் கைடை (செயின் உரசி ஓடும் தடம்) அடிக்கும், கைடின் பிளாஸ்டிக் உடையும், உடைந்த துண்டு சம்ப்பில் விழுந்து ஜல்லடையை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். 1.3 மல்டிஜெட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம். அந்த இன்ஜினில் செயின் சிக்கல் என்று வரும் வண்டிகளில் ஆயில் அளவும் ஆயில் மாற்றிய தேதியுமே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆகவே செயின் வண்டிக்கான பராமரிப்பு: புக்கில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று இருந்தால் அதுதான் உச்சவரம்பு. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் போய் வந்து நிறுத்தும் வண்டிக்கு அதில் பாதியில் மாற்றுவது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சமதளத்தில், காலையில் டிப்ஸ்டிக் பாருங்கள். கிரேடு புக்கில் உள்ளது மட்டும். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊத்துங்க" என்று 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-40 ஊற்றினால், காலையில் அந்தக் கெட்டி ஆயில் டென்ஷனரை எட்டுவதற்குள் செயின் அடிவாங்கிவிடும். டீசல் ஊற்றி இன்ஜினைக் கழுவும் பழக்கமும் வேண்டாம். ஒட்டியிருக்கும் கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஜல்லடைக்கும் செயினுக்கு ஆயில் தெளிக்கும் சின்ன துளைக்கும் போகும்.

இன்னொன்று: மேட்டில் கியரில் மட்டும் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடாமல் விடாதீர்கள். வண்டி லேசாகப் பின்னால் உருண்டால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். இன்ஜின் நின்றிருப்பதால் டென்ஷனரில் ஆயில் அழுத்தமும் இருக்காது. நீண்ட செயின் பல் தாண்ட அதுவே போதும்.

செயின் சத்தமா என்று கண்டுபிடிப்பது

ராத்திரி முழுக்க நின்ற வண்டி, பானெட் திறந்து, செல்ஃப் அடிப்பது வேறு ஒருவர். முதல் இரண்டு மூன்று நொடி டைமிங் கவர் பக்கம் சில்லறைக் காசைத் தகர டப்பாவில் குலுக்குவது போல் சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கினால் டென்ஷனரில் ஆயில் வடிந்திருக்கிறது. உடனே செயின் கிட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். மட்டமான ஆயில் ஃபில்ட்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது; ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிவிடும். அசல் ஃபில்ட்டரும் சரியான கிரேடு ஆயிலும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதிலேயே சத்தம் போன வண்டிகள் உண்டு.

போகவில்லையென்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டரோ வேறு பேரிங்கோ. சத்தம் அப்படியே இருந்தால் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கவரில் வைத்துப் பிடியில் காதை வைத்துக் கேளுங்கள். சூடான பிறகும் ஐடிலில் விடாமல் கரகரத்தால் கைடு போயிருக்கிறது, வண்டியை ஓட்டக் கூடாது. கடைசியாக ஸ்கேனர்: பி0016, பி0017 என்ற பிழைக் குறியீடுகள் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று சொல்பவை. கேம் சென்சரை மாற்றிப் பணத்தை வீணாக்கும் முன் ஆயில் அழுத்தத்தையும் டைமிங் குறியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்றால் செயின், கைடுகள், டென்ஷனர், கிராங்க் மற்றும் கேம் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), முன் ஆயில் சீல், சீலன்ட், ஆயில், ஃபில்ட்டர் எல்லாம் சேர்த்து. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுச் செயின் சீக்கிரம் பழசாகும். பல இன்ஜின்களில் சம்ப்பையும் இறக்க வேண்டியிருக்கும். இறக்கியது இறக்கியாகிவிட்டது, ஜல்லடையையும் கழுவிவிடுங்கள்.

செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருக்கும்; அவற்றை ஸ்ப்ராக்கெட் குறிகளுக்கு நேராக வைத்து மாட்டி, டென்ஷனரின் பூட்டுப் பின்னைக் கடைசியில் இழுக்க வேண்டும். பிறகு கையால் இரண்டு சுற்று சுற்றினால் நிறக் கண்ணிகள் குறியை விட்டு எங்கோ போயிருக்கும். பலர் இங்கே பதறி மறுபடி கழற்றுகிறார்கள். கண்ணிகள் அப்படி விலகியிருப்பது தப்பில்லை. கண்ணி எண்ணிக்கையும் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் பல சுற்றுக்குப் பிறகே அவை திரும்ப ஒன்றுசேரும். இப்போது பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் குறிகள் இன்ஜின் குறிகளோடு நிற்கின்றனவா என்பது மட்டும்.

சீலன்ட்டைச் சின்ன, விடுபடாத கோடாக இடுங்கள். தாராளமாகத் தடவினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஜல்லடைக்குப் போகும். டியூபில் சொன்ன நேரம் காயும் வரை ஆயில் ஊற்றாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை சில நொடிகளாக விட்டு விட்டு செல்ஃப் அடித்து டென்ஷனருக்கு ஆயில் ஏற்றுங்கள். 1.3 மல்டிஜெட்டில் கேமையும் கிராங்க்கையும் பூட்டும் கருவி செட் இல்லாமல் இந்த வேலையே கிடையாது.

ஆயிலில் நனையும் பெல்ட்

எகோஸ்போர்ட்டில் வந்த 1.0 எகோபூஸ்ட் இன்ஜின் இந்த வகை. ஐரோப்பாவில் பூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 ப்யூர்டெக் பெட்ரோல்களில் பெரிய தலைவலியானதும் இதே வகை. வெளியே செயின் இன்ஜின் போலவே மூடிய கவர். உள்ளே ஆயிலில் ஓடும் பெல்ட். தப்பான ஆயிலோ, அடிக்கடி குறுந்தூரம் ஓடுவதால் ஆயிலில் கலக்கும் பெட்ரோலோ பெல்ட்டை ஊறவைத்து உரிக்கும். உரிந்த தூள் ஆயில் ஜல்லடையை அடைக்கும், சில வண்டிகளில் பிரேக் வேக்குவம் பம்ப்புக்குப் போய்ப் பெடலைக் கல்லாக்கும். கம்பெனி நீண்ட இடைவெளி சொல்லியிருந்தாலும் இங்கே தேதி, ஆயில் இரண்டுமே கணக்கு: புக்கில் உள்ள அதே தர எண் ஆயில், சீக்கிரமான இடைவெளி. ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து பெல்ட் தெரியும் இன்ஜின்களில் அதன் முதுகில் வெடிப்போ ஓரத்தில் உரிதலோ தெரிகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கலாம். ஆயில் அழுத்த விளக்கு ஒரு தடவை எரிந்தாலும் சம்ப்பை இறக்குங்கள்.

பழைய கார் வாங்கும்போது

பெல்ட் வண்டி என்றால் கேட்க வேண்டியது பில். தேதி, ஓடோமீட்டர், பெல்ட்டோடு டென்ஷனரும் போட்ட விவரம் மூன்றும் இருக்க வேண்டும். "போன வருஷம்தான் சார் மாத்தினோம்" என்பது பில் ஆகாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்து, கிட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய வாரமே மாற்றிவிட்டு, கவரின் மேல் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுங்கள்.

செயின் வண்டி என்றால், பார்க்க வருகிறேன் என்று சொல்லும்போதே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து, அந்த முதல் மூன்று நொடிச் சத்தத்தைத் தீர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.